வில்லனுக்கு ஒரு தனி வேஷம்

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, "வாளால் வெட்டிட்டேன்!" என்று கூச்சலிட்டால் பயந்துவிடாதீர்கள். அது ஒரு கதை விளையாட்டு. 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற பெயரில் 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். அரக்கன் பாத்திரத்தை மட்டும் கதை நடத்துகிறவரே ஆட்டிவைக்க வேண்டும்.

சென்ற விடுமுறையில் நெய்யூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூத்த பையன் கதை நடத்தினான். அவனுடைய அரக்கன் ஐந்தே நிமிஷத்தில் செத்து விழுந்தான்! "இவ்வளவுதானா? இனி நான் வரலை" என்று தங்கை எழுந்து போய்விட்டாள். பையன் முகம் சுண்டிவிட்டது. விசாரித்தால், அரக்கனும் கதாநாயகனைப் போலவே ஒரு வீரனாம். மீசை மட்டும் கொஞ்சம் பெரிதாம்.

திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் மாமியார் விடவில்லை. "ராவணன இப்படியாக்கும் கொல்லுவாங்க? திருவட்டாறு கோயில்ல கதகளி பாத்திருந்தா தெரியும் மக்களே!" என்றார்.

எவ்வளவு சரியான பேச்சு! 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பூமி அல்லவா இது? திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி ஆடுவது வழக்கம். கதகளியில் நல்லவர்களுக்குப் 'பச்சை' வேஷம். தீயவர்களை ஒரே கூடையில் போட்டுவிடுவதில்லை. ராவணனுக்கும் கீசகனுக்கும் 'கத்தி': முகத்தில் பச்சையும் உண்டு, ஏனென்றால் உயர்குலம்; கன்னத்தில் கத்தி போல வளைந்த சிவப்பு, மூக்கு நுனியில் வெள்ளை உருண்டை. துச்சாதனனுக்குச் சிவப்புத் தாடி. சூர்ப்பணகைக்குக் 'கரி'.

வேஷத்தோடு உரிமைகளும் வேறு. பச்சை வேஷக்காரர் வாய் திறக்கக் கூடாது. கத்தி வேஷக்காரர் உறுமலாம். திரைச்சீலையை இருவர் பிடித்திருக்க, வெள்ளி நகம் பூட்டிய விரல்கள் அதன் விளிம்பைப் பற்றும். மெல்லத் தாழ்த்தி அவர் எட்டிப் பார்ப்பார். 'திரைநோக்கு' என்று பெயர். கதாநாயகன் வருமுன்பே சபை நடுங்கிவிடும். (நம் பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பு எந்தக் கதாநாயகனுக்குக் கிடைத்தது, சொல்லுங்கள்!)

அமெரிக்கர்களுக்கும் இந்த யோசனை வந்திருக்கிறது. 'டிராகன்' என்ற பத்திரிகை 1980-ல் 'ஆன்டி பாலடின்' என்றொரு பாத்திர வகையை வெளியிட்டது. தர்மவீரனுக்கு நேர் எதிரி. ஆட வருகிறவர்களுக்கு அவன் கிடையாது. கதை நடத்துகிறவர் கையில் மட்டும்.

பையன் அன்றிரவே நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தான். அரக்கன் உறுமினால் ஒருவருக்கு ஒரு முறை ஆட்டம் போயிற்று. ஆனால் ராவணனைப் போல அவனுக்குச் சங்கீதப் பித்து. பாட்டுக் கேட்டால் நின்றுவிடுவான். இந்தப் பலவீனத்தை யாருக்கும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் காட்டினான்.

மறுநாள் மாலை போர்வையை நானும் அக்காவும் பிடித்தோம். பின்னாலிருந்து உறுமல் வந்ததும், வரமாட்டேன் என்ற தங்கை என் முந்தானையைப் பற்றிக்கொண்டாள். அன்றும் தோல்வி, அடுத்த நாளும் தோல்வி. மூன்றாம் நாள் பாட்டி அவள் காதில் ஏதோ முணுமுணுத்தார். கீசகனின் கதையைக் கதகளியாக எழுதிய இரயிம்மன் தம்பிதான், குழந்தை சுவாதித் திருநாளுக்குத் தாலாட்டும் எழுதினார். அந்தத் தாலாட்டைத் தங்கை பாட ஆரம்பித்தாள்.

பையன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பாட்டி! யார் சொன்னா உங்களுக்கு?" என்று கத்தினான்.