இரவு ஹயருக்குப் போகும் நம்மவர்கள்

கொழும்பிலிருந்து இரவில் புறப்படும் பஸ் வண்டிகள் பரந்தன் சந்தியை வந்தடையும்போது பெரும்பாலும் விடியப்புறம் மூன்று, நான்கு மணியாகிவிடும். பொதிகளோடு இறங்குகிறவர்கள் விசுவமடுவுக்கும் வட்டக்கச்சிக்கும் பூநகரிக்கும் போகவேண்டியவர்கள். சந்தியில் நிற்கும் இரண்டொரு ஓட்டோக்களே அந்நேரத்தில் கதி. பின் ஆசனத்தில் குறண்டிப் படுத்திருக்கும் சாரதியைத் தட்டி எழுப்பி, "தம்பி, ஹயர் ஒண்டு வருவீரோ?" என்று கேட்கிறோம். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு முன்னால் வந்து வண்டியை ஸ்டார்ட் செய்கிறார். அவர் கடைசியாகப் பாயில் படுத்து உறங்கியது எப்போது என்று நாம் கேட்பதில்லை.

பயிர் பற்றியும் கால்நடை பற்றியும் எழுதும் இவ்வேட்டில் ஓட்டோவுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் சிலர் நினைக்கக்கூடும். அந்தச் சாரதிகளிற் பலர் எமது விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதே எமது பதில். 1990இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினரின் காணி இன்னமும் படையினர் வசமே உள்ளது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடத்துக்கிடம் ஓடித் திரும்பியவர்களில் பலருக்குக் காணி கிடைத்தது. ஆனால் உழவு இயந்திரமும் மாடும் நீரிறைக்கும் இயந்திரமும் போய்விட்டன. விதைநெல்லுக்கே கடன்படும் நிலையில், கையிலிருந்த நகையை முற்பணமாக்கி லீசிங்கில் ஓட்டோ எடுத்த குடும்பங்கள் எமது கிராமங்களில் ஒன்றிரண்டல்ல. நாடு முழுவதும் பதிவாகியுள்ள முச்சக்கர வண்டிகள் பத்து லட்சத்துக்கும் மேல். பகல் வேளையில் ஒரே தரிப்பிடத்தில் பத்துப் பேர் ஒரு ஹயருக்குக் காத்திருக்கிறார்கள். தவணைத் தேதியோ காத்திருக்காது. 2022இல் எரிபொருள் இல்லாத காலத்தில் ஓட்டோ ஒன்றுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று பங்கிட்டார்கள். அதற்கும் இரவிரவாக வரிசையில் நின்றோம். அப்போது பிந்திய தவணைகளை அடைக்கத் தொடங்கிய இரவு ஓட்டம் பலருக்குப் பின்னர் வழக்கமாகவே போய்விட்டது.

இரவு ஓட்டம் என்றதும் எல்லோரும் முதலிற் பேசுவது கள்வரைப் பற்றி. அது வீண் பயமல்ல. நல்ல உடுப்போடு, நல்ல பேச்சோடு ஏறுவார்கள். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, "அண்ணை, நீங்களும் குடியுங்கோ" என்று சோடா வாங்கி நீட்டுவார்கள். விழித்தெழும்போது சாரதி பற்றைக்குள் கிடப்பார்; வண்டியும் கைத்தொலைபேசியும் இராது. நாட்டின் பல பாகங்களிலும் நடந்துள்ள களவு முறை இது. ஓட்டோ சாரதிக்கு இன்னொரு இடர் அவர் அமரும் இடமே: பயணி முதுகுக்குப் பின்னால், ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கிறார்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிருவாகம் 2010இல் வெளியிட்ட குறிப்பொன்றின்படி, மற்றைய தொழிலாளரைவிட டாக்சி சாரதி வேலைவேளையிற் கொலையுண்ணும் வாய்ப்பு அங்கு 20 மடங்குக்கும் அதிகம். அந்நாட்டின் 26 நகரங்களில் 1996 முதல் 2010 வரை நடந்தவற்றை ஆராய்ந்தவர்கள் கண்டது எம்மைச் சிந்திக்க வைத்தது. சாரதிக்கும் பயணிக்கும் இடையே தடுப்புப் பொருத்திய நகரங்களில் கொலைகள் குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. வண்டிக்குள் கமரா பொருத்திய நகரங்களிலோ கொலை வீதம், ஒன்றுமே பொருத்தாத நகரங்களின் வீதத்தில் மூன்றிலொரு பங்காகவே இருந்தது. தட்டி மறிப்பதைவிட, ஏறுகிறவருக்கு "என்னை ஒரு கண் கண்டுவிட்டது" என்று உணர்த்துவதே கூடுதலாகக் காப்பாற்றியிருக்கிறது.

கமரா வாங்க எம்மிடம் பணம் இல்லை. ஆனால் கண் இருக்கிறது. தரிப்பிடத்தை விட்டு வண்டியை எடுக்கும்போது, பக்கத்து ஓட்டோக்காரரிடம், பயணியின் காதில் விழும்படி, "நான் இன்னாரை ஏத்திக்கொண்டு முரசுமோட்டைக்குப் போறன், அரை மணித்தியாலத்தில் வந்திடுவன்" என்று சொல்லலாம். தனியே நிற்பவர் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து அதையே சொல்லலாம். நேர்மையான பயணிக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. தரிப்பிடத்தில் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு நேரம், போகுமிடம், திரும்பிய வேளை மூன்றையும் குறித்துவைப்பது இன்னும் நல்லது. பத்துப் பேர் சேர்ந்தால் கொப்பியின் செலவு ஒரு பிளேன்ரீக் காசுக்கும் வராது.

பொதிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆள் ஏறாமல், "இந்தப் பார்சலைக் கொண்டுபோய்க் குடும், இரட்டிப்புக் காசு தாறன்" என்று எவராவது நடுச்சாமத்தில் கேட்டால், அந்த இரட்டிப்புக் காசு எதற்கு என்று யோசிக்கவேண்டும். கஞ்சாவோ கசிப்போ களவாகத் தறித்த மரமோ பிடிபட்டால், பொருளுக்குரியவன் இருட்டில் மறைந்துவிடுவான். சாரதி மறியலில், வண்டி நீதிமன்ற வளவில், தவணை வழமைபோல் வீட்டு வாசலில்.

இவை எல்லாவற்றையும்விட நாம் கூடுதலாக அஞ்சுவது நித்திரையை. கள்வன் எல்லா இரவும் வருவதில்லை. நித்திரை ஒவ்வொரு இரவும் வருகிறது. காலை ஆறு மணிக்கு மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டியவர், பகலில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர், இரவு பதினொரு மணிக்குச் சந்தியில் நிற்கும்போது 17 மணித்தியாலம் விழித்திருந்துவிட்டார். 1997இல் அவுஸ்திரேலியாவில் ஆய்வு செய்தவர்கள், 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கைகண் இணக்கம் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது எனக் காட்டினார்கள். 24 மணித்தியாலமானால் அது 0.10 வீதத்துக்குச் சமம். எமது நாட்டிற் குடித்துவிட்டு ஓட்டினார் என்று வழக்குத் தொடர அதைவிடக் குறைந்த அளவே போதும். ஒரு சொட்டும் தொடாத மனிதர் இப்படி வண்டி ஓட்டுகிறார். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டோ ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் போகிறது. மூன்று செக்கன் கண் மூடினால் 33 மீற்றர். ஏ9 வீதியில் எதிரே வரும் பவுசருக்கு அது போதும்.

விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் உடல் நித்திரையையே கேட்கும். வெற்றிலை போடுவதும் பாட்டைக் கூட்டி வைப்பதும் முகம் கழுவுவதும் சில நிமிடங்களுக்கே உதவும். கொட்டாவி அடுத்தடுத்து வந்தால், கடந்துவந்த பாலம் ஞாபகத்தில் இல்லையென்றால், வெளிச்சமுள்ள கடையோரத்தில் நிறுத்தி ஒரு தேநீர் குடித்து, உடனே இருபது நிமிடம் சரிந்து படுக்கவேண்டும். தேயிலையின் வேகம் ஏற ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும். இரண்டும் சேர்ந்து உதவும். ஆனால் இது வீடு போய்ச் சேருவதற்கான உபாயம் மட்டுமே. இழந்த நித்திரையை நித்திரையால் மட்டுமே அடைக்கலாம்.

ஆகவே எத்தனை இரவு ஓடுவது என்பதைச் சாரதி தனியே தீர்மானிக்க விடக்கூடாது என்பது எமது எண்ணம். எந்த வயலில் என்ன விதைப்பது என்று வீட்டில் இருந்து பேசுவதுபோல் இதையும் பேசவேண்டும். வாரத்தில் மூன்று இரவு என்றால் மூன்று இரவுதான். அடுத்த நாள் காலையில் அவரைத் தண்ணீர் கட்ட எழுப்பக்கூடாது. மனதுக்குச் சரியாகப்படாத ஹயரை விட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறவரிடம், "ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்கவும் கூடாது. தவணை கட்ட இயலாத மாதத்தில் ஒளித்துத் திரியாமல், தவணைத் தேதிக்கு முன்பே கம்பனிக்குப் போய் எழுத்தில் அவகாசம் கேட்பது நன்று. லீசிங் முடிந்ததும் செலவைக் குறைக்க மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு மாறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்கவேண்டும்: வண்டி களவுபோனால் அந்தக் காப்புறுதி ஒரு சதமும் தராது. விபத்தென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 முதல் வடக்கிலும் இச்சேவை உண்டு. பொலிசுக்கு 119.

முல்லைத்தீவுக் காட்டு வீதிகளிலும், திருவிழாக் காலத்தில் மடுவுக்குப் போகும் பாதையிலும் இரவில் யானை நிற்கும். தூரத்திலேயே நிறுத்தவேண்டும். ஹோர்ன் அடிப்பதும், வெளிச்சத்தைப் போட்டுப் போட்டு நூர்ப்பதும், ஓரத்தால் வெட்டி ஓடப் பார்ப்பதும் ஆபத்து. சத்தமின்றித் திருப்பிக்கொண்டு வருவதே வழி. நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்டோர் யானையால் இறக்கிறார்கள்.

யானையை நாம் கட்டிவைக்க முடியாது. மாட்டைக் கட்டலாம். மழைக்குப் பின் தார் வீதி சூடாக இருப்பதால் பட்டியில் அடைக்காத மாடுகள் அதன்மேல் வந்து படுக்கின்றன. கறுப்பு மாடு இருட்டிற் தெரியாது. பழைய ஓட்டோவுக்கு முன் விளக்கு ஒன்றே ஒன்று. அதன் மங்கிய வெளிச்சத்தில், பின் விளக்கில்லாமல் நெல் மூடை ஏற்றிப் போகும் உழவு இயந்திரப் பெட்டி தெரிவதற்குள் மோதிவிடும் தூரம் வந்துவிடுகிறது. பெட்டியின் பின்பக்கம் இரு மூலையிலும் சிவப்பு ஒளிதெறிப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். மோட்டார் சைக்கிள் கடையிலேயே வாங்கலாம்.

இன்னொன்று நெல். பெரும்போக அறுவடையின்போது வீதியின் அரைவாசியில் நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாதபடி சுற்றிவரக் கல்லும் மரக்கொப்பும் வைக்கிறோம். காயவிட வேறு தளம் இல்லாதபோது என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி எமக்கும் உண்டு. பொழுதுபட நெல்லைக் கூட்டி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். கல் அங்கேயே கிடக்கிறது. மூன்று சில்லு வண்டி ஒரு கல்லில் ஏறினாலே புரளும். நெல்லை அள்ளும் கையோடு அந்தக் கற்களையும் பொறுக்கி ஓரத்திற் போட்டுவிட்டு வருவோம். இரவு அவ்வழியால் வருகிறவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.