ஈயக் குட்டையும் சேற்றுப் படுகையும்

கிந்தா பள்ளத்தாக்கில் வாழும் தோட்ட மக்கள் ஈயக் குட்டையை நன்கறிவர். தாது கலந்த மண்ணை நீரோடு சேர்த்துப் பாலோங் எனும் நீண்ட சரிவுத் தொட்டியில் ஓடவிடுவர். ஈயத் தாது மணலினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆதலால் குறுக்குக் கட்டைகளின் பின்னே தங்கிவிடும். எஞ்சி ஓடுவதே கழிவு. அதில் மணல் விரைந்து படியும். நுண்களியோ நெடுநாள் கலங்கியே நிற்கும். அக்களி தேங்கிய இடத்தையே சேற்றுப் படுகை என்கிறோம். மேற்புறம் காய்ந்து, புல்லும் முளைத்துத் திடல்போல் தோன்றும். அடியிலோ வெறும் கூழ்! மாடு தேடிச் செல்வோர் அதில் கால் வைத்தலாகாது.

1985இல் ஈய விலை சரிந்தபின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன, குட்டைகள் எஞ்சின. பலவற்றின் கரை சட்டென ஆழ்ந்துவிடும். தூண்டிலோடு புறப்படும் சிறுவரிடம் இதனைச் சொல்லிவைக்குமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.