நோயின் பெயரும் பாலிஸியின் பொருளும்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயியோ, போடியிலிருந்து மலையேறும் ஏலத் தோட்டத் தொழிலாளியோ நோயில் விழுந்தால், வைத்தியச் செலவோடு கஷ்டம் தீர்வதில்லை. அன்றாட வரும்படியும் நின்றுவிடுகிறது. சர்க்காரின் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும், அடுப்பெரியத் தராது. அக்குறையை நீக்கவே, குறிப்பிட்ட நோய் கண்டவுடன் மொத்தத் தொகை தரும் கொடிய நோய் இன்ஷ்யூரன்ஸ் ஏற்பட்டது.

ஆனால் வைத்தியர் சொல்லும் நோய் வேறு, பாலிஸி சொல்லும் நோய் வேறு. பக்கவாதத்தால் நேர்ந்த ஊனம் மூன்று மாதமேனும் நீடித்ததற்கு அத்தாட்சி வேண்டும். சில மணி நேரத்தில் தெளிந்தால் தொகை இல்லை. இந்த இலக்கணங்களும் மாறுகின்றன. ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் 11 நோய்களுக்குப் பொது இலக்கணம் வகுத்தது; 2016இல் அவை 22 ஆயின. முன்பு விலக்கப்பட்டிருந்த சிறுதுளை வழி இருதய பைபாஸ் சிகிச்சையும் அப்போது சேர்ந்தது. ஆயினும் அந்த 22இல் எவை அடங்கும் என்பது பாலிஸிக்குப் பாலிஸி வேறுபடும்.

பொது இலக்கணம் நன்மையே. அதை நாம் குறை கூறவில்லை. வாங்குவோர் அறியாத மொழியில் அது கிடப்பதையே கண்டிக்கிறோம். கேட்டால் தகவல் தாளைத் தமிழிலேயே தரக் கம்பெனி கடமைப்பட்டது. படித்துப் பிடிக்காவிடில் 30 நாட்களுக்குள் பாலிஸியைத் திருப்பலாம். தேனி ஜில்லாவின் பொதுநல ஊழியர்கள் இவ்விரண்டு உரிமைகளையும் ஊர்தோறும் எடுத்துரைப்பார்களாக. கையெழுத்திடுமுன் கேட்கும் ஒரு கேள்வி, பின்னர் எழுதும் நூறு மனுக்களுக்கு மேலானது.