காட்டு நடுவே ஒரு மர ரயில்! கிராமத்துக்குக் கூட்டம் வருமா?

சாண்டா கிளாஸ் என்பது கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயர். அது ஓர் ஊரின் பெயரும்கூட!

அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தின் தெற்கே இருக்கிறது அந்த ஊர். சுற்றிலும் வயல், சிறு குன்றுகள், காடு. ஜனத்தொகை சுமார் 2,500. அவ்வளவுதான்.

அந்தச் சின்னஞ்சிறு ஊரில் உள்ள "ஹாலிடே வேர்ல்டு" என்ற கேளிக்கைப் பூங்கா, 2015-ஆம் ஆண்டில் ஒரே ஒரு ரோலர் கோஸ்டருக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர் செலவு செய்தது. ஊராரின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், தலைக்கு 8,800 டாலர்! உள்ளூர்க்காரர்களை நம்பி யாரும் இப்படிப் பணத்தைக் கொட்டமாட்டார்கள். நூறு மைல், இருநூறு மைலுக்கு அப்பாலிருந்து கூட்டம் வரவேண்டும்.

வருமா? ஒரு விளையாட்டு ரயிலுக்குப் பட்டணத்து ஜனங்களைக் கிராமத்துக்கு இழுத்து வரும் சக்தி உண்டா?

"உண்டு" என்பதற்கு இந்தப் பூங்காவே சாட்சி. "போதாது" என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. அது கடலுக்கு அப்பால், வேல்ஸில் இருந்த ஒரு பூங்கா. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பூங்காக்களுக்கும் பெயர் வாங்கிக் கொடுத்த மர ரயில்களைக் கட்டியது ஒரே கம்பெனி!

ஏமாந்து போன குழந்தைகள்

சாண்டா கிளாஸ் என்ற பெயர், ஊரில் தபால் நிலையம் வைத்தபோது, 1856-இல் வந்தது. பெயரைக் கேட்டுக் குழந்தைகள் ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால், தாத்தாவைக் காணோம்! முகம் வாடித் திரும்பினார்கள்.

பக்கத்துப் பட்டணமான எவன்ஸ்வில்லைச் சேர்ந்த லூயி காக் என்ற தொழிலதிபருக்கு இது மனதை உறுத்தியது. அவர் ஒன்பது பிள்ளைகளின் தகப்பனார். குழந்தையின் ஏமாற்றம் அவருக்குத் தெரியாதா? தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற அவர், 1946 ஆகஸ்டு 3-ந் தேதி "சாண்டா கிளாஸ் லேண்டு" என்ற பூங்காவைத் திறந்தார். ஜிம் யெல்லிக் என்பவர் தாத்தா வேஷம் போட்டார். லூயியின் மகன் பில் பிறகு பூங்காவை ஏற்று நடத்தினார். அவர் மணந்தது யாரை? யெல்லிக்கின் மகளை. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கே மருமகன் ஆகிவிட்டார்!

ஆனால் தாத்தாவை மட்டும் வைத்துக் காலம் தள்ள முடியவில்லை. 1984-இல் மற்றப் பண்டிகைகளையும் சேர்த்து, "ஹாலிடே வேர்ல்டு" என்று பெயரை மாற்றினார்கள். 1993-இல் நீர் விளையாட்டுப் பூங்கா சேர்ந்தது. அப்போதும் அது குழந்தைகளின் இடமாகத்தான் இருந்தது. வாலிபர்களுக்கு அங்கே என்ன வேலை?

அண்டங்காக்கை

மூன்றாம் தலைமுறையான வில் காக் காலத்தில், 1995 மே மாதம் "ரேவன்" வந்தது. ரேவன் என்றால் அண்டங்காக்கை. முழுக்க முழுக்க மரச் சட்டங்களின் மேல் ஓடும் ரயில்.

அதற்கு இஞ்சின் கிடையாது. ஒரு சங்கிலி பெட்டிகளை மேட்டின் உச்சிக்கு இழுத்து விடும். பிறகு பூமியின் ஈர்ப்புதான் இஞ்சின். 85 அடிப் பள்ளத்தில் பாயும்போது, மணிக்கு 48 மைல் வேகம் பிடித்துவிடும். மேட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும், உட்கார்ந்திருப்பவரின் உடல் ஆசனத்தை விட்டு எழும்பும். வயிற்றுக்குள் ஒரு வெறுமை. அந்த ஒரு கணத்துக்குத்தான் இத்தனை காசும், இத்தனை கூச்சலும்!

பெரிய நகரங்களில் இதைவிட உயரமான ரயில்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் ரேவனிடம் அவற்றுக்கு இல்லாத ஒன்று இருந்தது. அது காடு. பாதி வழியில் ரயில் மரங்களுக்குள் புகுந்துவிடும். அங்கே, "முடிந்தது" என்று மூச்சு விடும் நேரத்தில், இன்னொரு 61 அடிப் பள்ளம்! காங்கிரீட் மைதானத்தில் இப்படி ஒளித்து வைக்க முடியுமா? கிராமத்தின் குறை என்று நினைத்த மேடும் பள்ளமும் தோப்பும், அதற்கு மூலதனம் ஆயின.

அமெரிக்காவில் ரோலர் கோஸ்டர் ரசிகர்களுக்குச் சங்கங்கள் உண்டு. நல்ல ரயில் என்று கேள்விப்பட்டால், இரவெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். தொழில் பத்திரிகையான "அம்யூஸ்மெண்ட் டுடே" நடத்தும் வாக்கெடுப்பில், 2000 முதல் 2003 வரை, மர ரயில்களில் முதல் இடம் ரேவனுக்குத்தான்.

காக் குடும்பம் அதோடு நிற்கவில்லை. 2000-இல் "லெஜண்ட்", 2006-இல் "வாயேஜ்". வாயேஜின் உயரம் 163 அடி. நீளம் 6,442 அடி, அதாவது ஒரு மைலுக்கு மேல். அந்த ஆண்டில், வந்தவர் தொகை முதல் தடவையாகப் பத்து லட்சத்தைத் தாண்டியது. நீர் விளையாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் 2,500 பேர் வாழும் ஊருக்கு, பத்து லட்சம் பேர்!

பிரித்தெடுத்து வந்த ரயில்

இதற்கெல்லாம் பத்து ஆண்டுகளுக்கு முன்பே வழி காட்டியது பென்சில்வேனியாவில் உள்ள "நோபல்ஸ்" பூங்கா. எலிஸ்பர்க் என்ற சிற்றூருக்கு அருகே, ஓடையும் மரமும் சூழ்ந்த இடம். 1926-இல் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் இல்லை. கார் நிறுத்தவும் காசு இல்லை. எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் பணம்.

அவர்களுக்கு ஒரு பெரிய மர ரயில் வேண்டும். புதிதாகக் கட்டக் கை நிறையப் பணம் வேண்டுமே! டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், 1980-இல் மூடிய ஒரு பூங்காவில், "ராக்கெட்" என்ற ரயில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. அதை வாங்கினார்கள். வரைபடம் கிடைக்கவில்லை. ஆகவே, ஒவ்வொரு கட்டைக்கும் எண் இட்டுப் பிரித்தார்கள். சுமார் 1,500 மைல் தூரம் லாரிகளில் கொண்டுவந்து, மறுபடி பூட்டினார்கள். 1985 ஜூனில் அது ஓடியது. வைத்த பெயர் "பீனிக்ஸ்". சாம்பலிலிருந்து எழும் பறவை. பொருத்தமான பெயர்தான். 33 ஆண்டுகள் கழித்து, 2018-இல், அதே வாக்கெடுப்பில் இந்தப் பழைய ரயில் முதல் இடத்துக்கு வந்தது!

இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் சார்லஸ் டின். அவருடைய மகள் டெனிஸ் 1991-இல் தொடங்கிய "கஸ்டம் கோஸ்டர்ஸ்" கம்பெனிதான் ரேவனைக் கட்டியது. மறு ஆண்டே அந்தக் கம்பெனி வேல்ஸுக்குப் போயிற்று.

வேல்ஸில் நடந்தது

வேல்ஸின் மேற்குக் கோடியில் பெம்புரோக்ஷயர். அங்கே நார்பெர்த் என்ற ஊருக்கு அருகே, பண்ணை நிலத்தில், 1987-இல் எழுந்தது "ஓக்வுட்" பூங்கா. 1996-இல் அங்கே "மெகாபோபியா" ஓடத் தொடங்கியது. உயரம் 85 அடி. வேகம் மணிக்கு சுமார் 48 மைல். கிட்டத்தட்ட ரேவனின் கூடப் பிறந்த தங்கை!

ஓக்வுட்டின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. கடல் தாண்டி ரசிகர்கள் வந்தார்கள். 2002-இல் பெரிய நீர்ச் சறுக்கு வந்தது. 2004-இல் அதில் சோகம்: 16 வயதுப் பெண் ஒருத்தி உயரத்திலிருந்து விழுந்து இறந்தாள். 2006-இல் "ஸ்பீட்" என்ற இரும்பு ரயில் வந்தது. செங்குத்தையும் மீறி உள்பக்கமாகச் சாய்ந்து விழும் ரயில். பிரிட்டனில் முதல் முதலாக அங்கேதான்.

அதற்குப் பிறகு பெரிய ரயில் எதுவும் வரவில்லை. 2008-இல் பூங்கா, பல நாடுகளில் பூங்கா நடத்தும் ஸ்பானிஷ் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. 17 ஆண்டுகளில் இரண்டரைக் கோடி பவுனுக்கு மேல் போட்டோம் என்றது அந்தக் கம்பெனி. 2025 மார்ச் மாதம், "இனித் திறக்கமாட்டோம்" என்று அறிவித்துவிட்டது. வருகிறவர் தொகை குறைந்தது, கூலியும் மின்சாரமும் ஏறின என்பவை அது சொன்ன காரணங்கள்.

வட்டத்தில் பாதி கடல்

ரயில் மோசமா? இல்லை, கடைசிவரை மெகாபோபியாவைக் குறை சொன்னவர் அபூர்வம். பிறகு ஏன்?

தேசப்படத்தை எடுத்து, ஓக்வுட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். வட்டத்தில் பாதி கடல்! மீன்கள் டிக்கெட் வாங்குவதில்லை. மீதிப் பாதியில், கோடையில் கடற்கரைக்கு வரும் குடும்பங்களை நம்பித்தான் பிழைப்பு. மழை பெய்தால் அதுவும் போச்சு. சாண்டா கிளாஸ் ஊரைச் சுற்றி அதே வட்டத்தைப் போட்டால், எவன்ஸ்வில், லூயிவில், நாஷ்வில், இந்தியானாபொலிஸ் எல்லாம் உள்ளே விழும். ஊருக்கு அருகே 64-ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. காலையில் கிளம்பி, இரவு வீடு திரும்பிவிடலாம்.

இன்னொன்று. புது ரயிலைப் பார்க்க ஜனங்கள் ஒரு தடவை வருவார்கள். இரண்டாம் தடவை வருவதற்குப் பர்ஸ் சம்மதிக்க வேண்டும். ஹாலிடே வேர்ல்டில் 2000-ஆம் ஆண்டிலிருந்து, குளிர்பானம் எத்தனை குடித்தாலும் இலவசம். வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் களிம்பும் இலவசம். நாலு குழந்தைகளோடு வரும் தகப்பனாருக்கு, இது 163 அடி உயரத்தைவிடப் பெரிய கவர்ச்சி!

குடும்பத்தார் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வதும் ஒரு பலம். காக் குடும்பத்துக்கும் சோதனை வராமல் இல்லை. 2010-இல் வில் காக் 48 வயதில் காலமானார். ஆனாலும் பூங்கா குடும்பத்தின் கையிலேயே இருந்தது. 2015-இல் அந்த 2 கோடியே 20 லட்சம் டாலர் ரயிலான "தண்டர்பேர்டு" வந்தது. அதில் பயணிகள் தண்டவாளத்துக்கு இருபுறமும், இறக்கையில் உட்கார்ந்தவர்போல் தொங்கிக்கொண்டு, மூன்றரை விநாடியில் மணிக்கு 60 மைல் வேகம் எடுப்பார்கள்.

அடுத்து இதைவிடப் பெரியதாக ஒன்று வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 2024 மே மாதம் வந்தது வேறு. சுமார் ஒரு கோடி டாலரில் "குட் கிரேவி" என்ற சிறிய ரயில். வேகம் மணிக்கு 37 மைல்தான். பாட்டி வீட்டுப் பண்டிகை விருந்துதான் அதன் கதை; பெட்டிகள் குழம்பு ஊற்றும் கிண்ணத்தின் உருவத்தில் இருக்கும். முன்னால் ஓடி, வந்த வழியே பின்னாலும் ஓடும். 38 அங்குல உயரம் இருந்தால் போதும். குழந்தை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.