தி.நகர் ஏரியாக இருந்த வரைபடம்

1920-க்கு முந்தைய சென்னை வரைபடத்தில் தியாகராய நகரைத் தேடினால் தெருக்கள் அகப்படாது. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் ஏரியை அடுத்துச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடக்கும் ஓர் ஏரிதான் தெரியும். ஆங்கிலேயர் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள்.

இத்தகைய பழைய டோபோ ஷீட்டை, அதாவது நிலப்பரப்பு வரைபடத் தாளை, கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது எண். இந்திய நில அளவைத் துறையின் வரிசையில் சென்னைக்கு 66. அதற்குள் எழுத்து, அதற்குள் இன்னோர் எண். தி.நகர் 66 சி/4, மயிலாப்பூர் 66 சி/8, திருவான்மியூர் 66 டி/5. கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகை 15 கலையும், வட அட்சரேகை 13 பாகையும் ஊருக்குள்ளேயே ஓடுவதால் தென்சென்னை இப்படிப் பல தாள்களில் சிதறுகிறது.

அடுத்தது அளவு. பழைய தாள்களில் ஒரு மைல் ஓர் அங்குலம். தி.நகர் பனகல் பூங்காவிலிருந்து மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் வரை நேர்கோட்டில் சுமார் இரண்டரை அங்குலம்.

மலைநாட்டில் சமஉயரக் கோடுகளே எல்லாம் சொல்லிவிடும். சென்னையில் அந்த வசதி இல்லை. 50 அடிக்கு ஒரு கோடு போட்டால், ஏறக்குறைய 300 அடி உயரமுள்ள பரங்கிமலையைச் சுற்றிச் சில வளையங்கள் விழும். அங்கிருந்து கடற்கரை வரை பெரும்பாலும் வெறுமைதான்.

எனவே இங்கே படிக்க வேண்டியது ஏரிக்கரையை.

ஏரியின் ஒரு பக்கம் அழுத்தமான கோடாக வளைந்திருக்கும். அதுதான் மண்கரை, தாழ்வான பக்கம். கரையில்லாத பக்கம் மேடு. தண்ணீர் அங்கிருந்துதான் வரும். கரைக்குக் கீழே மதகு, வாய்க்கால், ஆயக்கட்டு வயல். உபரிநீர் கலிங்கல் வழியே வெளியேறும். ஒரு சமஉயரக் கோடு கூட இல்லாத தாளிலும் சரிவின் திசை இப்படிப் பிடிபட்டுவிடும்.

1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், 1923 முதல் லாங் டேங்க் தூர்க்கப்பட்டு மனைகளானது. நுங்கம்பாக்கம் ஏரி நிலத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. டேங்க் பண்ட் ரோடு, மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு ஆகிய பெயர்கள் மட்டும் பழைய கரையைக் காட்டிக்கொடுக்கின்றன.

பழைய தாளை இன்றைய வரைபடத்தோடு பொருத்திப் பார்க்க விரும்புவோர் நகராத அடையாளங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம், பரங்கிமலை, திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில். அடையாற்று முகத்துவாரத்தை மட்டும் நம்பக் கூடாது; அங்கே மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும்.