9600 டிபிஐ: அட்டைப்பெட்டி சொல்லாத கணக்கு

ஓவியப் போட்டிக்குப் படங்களை ஸ்கேன் செய்து அனுப்ப இந்த மாதக் கடைசிதான் கெடு. கேரளத்தின் வாளையார், கஞ்சிக்கோடு, மறையூர்ப் பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே குழப்பம்: 4800 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) ஸ்கேனர் போதுமா, 9600 வேண்டுமா? போட்டி நடத்துபவர்கள் கேட்பது என்னவோ 300தான். ஆனாலும் கடையில் பெரிய எண்ணைக் காட்டினால் மனம் அங்கேதான் போகிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எப்சன் வி600 ஸ்கேனரின் விவரக்குறிப்பில் இரண்டு எண்கள் இருக்கும்: 6400, 9600. முதலாவது, அகலவாக்கில் ஓர் அங்குலத்துக்குச் சென்சார் எத்தனை இடங்களில் அளவெடுக்கிறது என்பது. இரண்டாவதற்கும் சென்சாருக்கும் சம்பந்தமே இல்லை. கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்து போகும் தலையை இழுக்கிற மோட்டார், ஓர் அங்குலத்தை எத்தனை எட்டில் கடக்கிறது என்பதுதான் அது. மோட்டார் எட்டைச் சுருக்கினால் சென்சாரின் பார்வை கூர்மையாகிவிடாது. பார்த்த இடத்தையே ஒட்டி இன்னொரு முறை பார்க்கும், அவ்வளவே.

முதல் எண்ணிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. லென்ஸ் வழியாகப் பார்க்கும் சிசிடி வகை ஸ்கேனர்கள் சிலவற்றில் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு வரிசைச் சென்சார்கள். செங்கல் சுவரில் மேல்வரி கீழ்வரியிலிருந்து அரைக்கல் தள்ளி நிற்பதுபோல, இரண்டாம் வரிசை அரைப்புள்ளி விலகி நிற்கும். இரண்டையும் கோத்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. ஆனால் ஒவ்வொரு சென்சாரும் காகிதத்தில் பார்க்கும் பரப்பு பழைய அளவுதான். அடுத்தடுத்த பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறிக்கிடக்கும். நுட்பமாக யோசித்தவர்களைப் பாராட்டலாம். அதை அப்படியே பெட்டியில் அச்சடித்தவர்களைப் பாராட்ட முடியவில்லை. இதற்குப் பிறகு லென்ஸ் வேறு தன் பங்குக்கு மங்கவைக்கிறது. அமெரிக்க விமானப்படையின் 1951-ஆம் ஆண்டுச் சோதனைக் கோடுகளை வைத்துச் சுயேச்சையாக அளந்தவர்களுக்கு வி600-இல் உண்மையில் கிடைத்தது சுமார் 1,500 டிபிஐ. ஆக, நிறுவனங்கள் சொல்லும் ‘ஆப்டிக்கல் ரெசல்யூஷன்’ என்பது எத்தனை முறை அளவெடுத்தார்கள் என்ற கணக்கு. எவ்வளவு தெரிந்தது என்ற கணக்கு அல்ல. 12,800, 19,200 என்றெல்லாம் போட்டிருந்தால், அது மென்பொருள் ஊகித்து இட்டு நிரப்பிய புள்ளி.

பெரிய எண்ணை நம்பி 4800-இல் ஒரு ஏ4 ஓவியத்தை ஸ்கேன் செய்து பாருங்கள். 600 டிபிஐயில் சுமார் 100 எம்பி ஆகும் கோப்பு, 64 மடங்காகி 6 ஜிபியைத் தாண்டும். சாதாரண டிஃப் கோப்பின் உச்சவரம்பே 4 ஜிபிதான்! அதே அளவில் அச்சிட 300 போதும். இரு மடங்கு பெரிதாக்க 600. தஸ்ராக்கில் மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயன் நினைவகத்தில் பார்க்கும் கேலிச்சித்திரங்கள் போன்ற மைக்கோட்டுக்கு 1200 வரை போகலாம்.

காசைக் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியது சென்சார் வகையை. கேனான் லைடு 400, எப்சன் வி39 போன்ற மெல்லிய ஸ்கேனர்கள் சிஐஎஸ் வகை. கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதை அருமையாகப் படிக்கும். ஓரிரு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கிவிடும். பென்சில், பேனா, வழவழப்பான தாளுக்கு இவை தாராளம். நீர்வண்ணம் பட்டு நெளிந்த தாள், ஒட்டுச்சித்திரம், தடித்த அக்ரிலிக் என்றால் சிசிடிதான். கடையிலேயே சோதிக்கலாம்: உங்கள் ஓவியத்தின் ஒரு மூலைக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வெளிர் நீலம் வெள்ளையாகிவிடுகிறதே? மென்பொருளின் தானியங்கித் திருத்தத்தை அணையுங்கள்.

ஒளிரும் வண்ணம், தங்கத்தாள்? எந்த ஸ்கேனரும் சரியாகக் காட்டாது, கேமராவில் எடுங்கள்.

டிமேக்ஸ் (ஸ்கேனர் பிரித்தறியும் கருமையின் உச்சம்) 4.0 தேவையா? பிலிமுக்கு உதவும்; காகிதத்தின் கருமை அவ்வளவு ஆழம் போகாது.

ஏ3 ஓவியம்? விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி இரண்டு பாதியாக எடுத்து ஒட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே வெளிச்ச அமைப்பு இருக்கட்டும்.

கேரளப் பள்ளிகளின் லினக்ஸில் ஓடுமா? வாங்கும் முன், லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் ‘சேன்’ திட்டத்தின் பட்டியலில் மாடலைத் தேடுங்கள்.

எல்லை தாண்டிக் கோவையில் வாங்கினால் வரி மிச்சமா? இல்லை, 2017-இல் வந்த ஜிஎஸ்டியில் வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விகிதம்தான்.