கால்வாயைக் காப்பாற்றிய நடைப்பயணம்

கால்வாய் என்றதும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, மழைநீர் வடிந்தோடும் கான்கிரீட் வாய்க்கால்தான். அதன் ஓரமாக மெதுவோட்டம் ஓடுவார்கள், சைக்கிள் ஓட்டுவார்கள். ஆனால் கூடாரமும் சமையல் சாமானும் எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு நான்கைந்து நாள் ஒரு கால்வாய்க் கரையிலேயே பயணம் போக முடியுமா?

முடியும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லேண்ட் நகர் வரை, பொட்டோமக் ஆற்றை ஒட்டிச் செல்கிறது செசபீக் - ஒஹையோ கால்வாய். நீளம் 297 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் சாலைத் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. இவ்வளவு தூரமும் கார் நுழையாத ஒரே கரைப்பாதை! ஆண்டுதோறும் பல மில்லியன் மக்கள் இங்கே வருகிறார்கள். ஆனால் இந்தப் பாதை நெடுஞ்சாலையாக மாறியிருக்க வேண்டியது. அது எப்படித் தப்பியது என்பதில்தான் மற்ற ஊர்க்காரர்களுக்கும் பாடம் இருக்கிறது.

கோவேறு கழுதைகள் நடந்த பாதை

1828-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, அன்றைய அதிபர் ஜான் குயின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டி இந்தக் கால்வாய்ப் பணியைத் தொடக்கி வைத்தார். அதே நாளில் பால்டிமோர் நகரில் பால்டிமோர் - ஒஹையோ ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டுக்கும் ஒரே குறிக்கோள்: மலைகளைத் தாண்டி மேற்கே ஒஹையோ ஆற்றை அடைவது.

போட்டியில் ரயில் வென்றது. 1842-லேயே அது கம்பர்லேண்டை எட்டிவிட்டது. கால்வாய் அங்கே வந்து சேர்ந்தது 1850-ல். அதற்கு மேல் அது நீளவே இல்லை. மண் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் அயர்லாந்து போன்ற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 1832-ல் காலரா பரவியபோது அவர்களில் பலர் வேலைத்தலத்திலேயே மாண்டனர். தோட்டத்திலும் ரயில் பாதையிலும் உழைத்து மடிந்த முன்னோர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல.

படகுகளுக்கு இயந்திரம் கிடையாது. கரையில் நடக்கும் கோவேறு கழுதைகள் நீண்ட கயிற்றால் படகை இழுத்துச் செல்லும். ஒரு படகில் சுமார் 120 டன் நிலக்கரி. படகோட்டியின் குடும்பமே அதில் குடியிருக்கும். பிள்ளைகள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு கரையில் நடப்பார்கள். அந்தக் கழுதைப் பாதைதான் இன்றைய நடைபாதை.

ஏற்றம் தெரியாத பயணம்

கம்பர்லேண்ட், வாஷிங்டனைவிட 184 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் படகு செல்ல வேண்டுமானால் தண்ணீர் சமமட்டமாக நிற்க வேண்டும். இதற்காகப் படிக்கட்டு போல 74 'லாக்'குகளைக் கட்டினார்கள். லாக் என்பது இருபுறமும் கதவு வைத்த கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும். பிறகு மேல்கதவைத் திறந்தால் படகு அடுத்த மட்டத்துக்குப் போய்விடும். ஒரு லாக்கில் சுமார் இரண்டரை மீட்டர் ஏற்றம். இறங்கி வரும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். இதற்குப் பம்பு எதுவும் தேவையில்லை.

நடப்பவருக்கும் சைக்கிளோட்டிக்கும் இதனால்தான் லாபம். படகுக்காக நிலத்தைச் சமப்படுத்தியதால், லாக் இருக்கும் இடங்களில் சிறு ஏற்றம் வருமே தவிர மற்ற இடமெல்லாம் தட்டையான பாதை. பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பெரியவரும் சேர்ந்து போகலாம். வழியில் ஆறுகளைக் கடக்க 11 கல் நீர்ப்பாலங்கள் உள்ளன. மலையைக் குடைந்து அமைத்த 'பா பா' சுரங்கம் 950 மீட்டர் நீளம். அதைக் கட்டி முடிக்க 14 ஆண்டுகள் பிடித்தன. உள்ளே கும்மிருட்டு; கைவிளக்கு அவசியம். வழி நெடுகக் கூடாரம் போடும் இடங்கள் இருக்கின்றன. லாக்கைக் காத்தவர்கள் வாழ்ந்த பழைய வீடுகள் இன்னும் கரையோரத்தில் நிற்கின்றன.

எட்டு நாள் நடை

1924-ல் வந்த வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுபோனது. 1938-ல் அமெரிக்க அரசு 2 மில்லியன் டாலருக்குக் கால்வாயை வாங்கியது. ஆனால் பெரும்பகுதி புதர் மண்டிக் கிடந்தது. 1950-களில் அதன் வழியாகக் கார்கள் செல்லும் சாலை அமைக்கும் திட்டம் வந்தது. 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சாலை வந்தால், யாரும் பார்க்காத அந்த அழகை மேலும் பலர் காண முடியுமே!

உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் உடனே நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். கார் ஓசை கேட்காத அமைதிதான் அந்த இடத்தின் சிறப்பு என்றார். தலையங்கம் எழுதியவர் தம்மோடு முழுத் தூரமும் நடந்து பார்க்கட்டும் என்று அழைத்தார். நாளிதழின் ஆசிரியர்கள் இருவர் அழைப்பை ஏற்றனர். மார்ச் 20-ஆம் தேதி கம்பர்லேண்டில் தொடங்கிய நடை எட்டாம் நாள் வாஷிங்டனில் முடிந்தது. வழியில் பலர் சேர்ந்தனர், பலர் விலகினர். முழுத் தூரமும் நடந்தவர்கள் 55 வயது டக்ளஸ் உட்பட 9 பேர்தான். நடைக்குப் பின் நாளிதழ் தன் கருத்தை மாற்றிக்கொண்டது.

எட்டு நாளில் எல்லாம் முடிந்துவிடவில்லை. டக்ளசும் மற்றவர்களும் குழு அமைத்து ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தினார்கள். 1961-ல் அதிபர் ஐசனோவர் கால்வாயைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். 1971-ல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. நடை முடிந்த பிறகு 17 ஆண்டுகள்! நடைப்பயணம் மக்களின் கவனத்தைத் திருப்பியது. பாதைக்குச் சட்டப் பாதுகாப்பை வாங்கித் தந்தது, அதற்குப் பின் வந்த விடாமுயற்சி.

காப்பாற்றிய பிறகும் வேலை

ஆறு சும்மா இருக்கவில்லை. 1972-லும், 1996-ல் இரண்டு முறையும் பெருவெள்ளம் வந்து பாதையைச் சிதைத்தது. ஆற்றோரம் 'பிக் ஸ்லாக்வாட்டர்' என்ற பகுதி பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2012-ல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 1920-ல் ஒரு படகு சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்ததால் பழுதான ஒரு நீர்ப்பாலம், செப்பனிடப்பட்டு 2019-ல் மீண்டும் நீர் நிறைந்தது.

ஒரு சுவையான செய்தியும் உண்டு. கால்வாய் எட்டாத பிட்ஸ்பர்க் நகரை, கம்பர்லேண்டிலிருந்து 240 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த இன்னொரு பாதை 2013-ல் இணைத்து முடித்தது. அந்தப் பாதை பெரும்பாலும் கைவிடப்பட்ட ரயில் தடங்களின் மேல் செல்கிறது. படகால் போக முடியாத இடத்துக்கு இன்று சைக்கிளில் போகலாம்.

பழைய தடம் பயன் இழந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்கும் வந்திருக்கிறது. 2011-ல் தஞ்சோங் பகார் நிலையத்துக்கு ரயில் வருவது நின்றபோது, சிங்கப்பூரில் சுமார் 24 கிலோமீட்டர் ரயில் தடம் காலியானது. இன்று அது மக்கள் நடக்கும் பசுமைப் பாதை.

இந்த வார இறுதியில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல எண்ணுபவர்கள், வீட்டுக்கு அருகில் இப்படி ஒரு பழைய தடம், ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். அதை யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள் என்று நடந்துகொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நாளை அங்கே ஒரு சாலைத் திட்டம் வந்தால், கருத்துச் சொல்லும் தகுதி அங்கே நடந்தவர்களுக்குத்தான் முதலில் இருக்கும்.